ஒரு கிரவுன் போதுமா, இரண்டு வேண்டுமா?

மவுண்டன் பைக் பிரியர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் கொஞ்ச நேரத்தில் ஒரு வாக்குவாதம் வந்துவிடும். சக்கரம் 27.5 அங்குலமா 29 அங்குலமா, ஷாக்கில் காற்றா ஸ்பிரிங்கா என்று பட்டியல் நீளும். அதில் கொஞ்சம் பழைய சண்டை ஒன்று உண்டு. முன்பக்க சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கு ஒரு கிரவுன் போதுமா, இரண்டு வேண்டுமா என்பதுதான் அது.

சஸ்பென்ஷன் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குக்கூட இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணால் பார்த்த உடனே தெரியும். இரட்டைக் கிரவுன் போட்ட சைக்கிள் மோட்டார் சைக்கிள் மாதிரி நிற்கும். பார்த்தாலே ஒரு மிரட்டல். ஒற்றைக் கிரவுன் அதற்குப் பக்கத்தில் சாதுவாகத் தெரியும். பிரச்சினையே இந்தப் பார்வையில்தான் தொடங்குகிறது. பலர் ஃபோர்க்கை வேலைக்காக வாங்காமல் தோற்றத்துக்காக வாங்குகிறார்கள். ஃபோர்க் என்பது சைக்கிளின் முன்சக்கரத்தையும் ஓட்டுபவரின் பல்லையும் ஒருசேரக் காப்பாற்றும் பொருள். அதில் தோற்றத்துக்கு இடம் கொடுத்தால் பணமும் போகும், சில சமயம் உடம்பும் போகும்.

முதலில் கிரவுன் என்றால் என்ன?

ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் மேலே ஒன்றாக இணைக்கும் குறுக்குத் துண்டுதான் கிரவுன். அதன் நடுவிலிருந்து ஒரு குழாய் மேலே போய் ஃபிரேமின் முன்குழாய்க்குள் நுழையும். அதற்கு ஸ்டியரர் குழாய் என்று பெயர். ஒற்றைக் கிரவுன் ஃபோர்க்கில் கால்கள் முன்குழாயின் அடியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் ஹேண்டில்பார் வரை போவது ஸ்டியரர் மட்டும்தான். இரட்டைக் கிரவுனில் கால்கள் அங்கே நிற்காமல் முன்குழாயின் இரு பக்கமும் மேலே ஏறிப் போகும். மேலே இன்னொரு கிரவுன் அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

தெருவில் நிற்கும் எந்த மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தையும் பாருங்கள். ஸ்பிளெண்டரோ புல்லட்டோ, இரண்டு ஷாக் குழாய்களையும் கீழே ஒன்று மேலே ஒன்று என இரண்டு தாங்கிகள் பிடித்திருக்கும். அதுதான் இரட்டைக் கிரவுன். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, அதில் இரண்டு பேர், அறுபது எழுபது கிலோமீட்டர் வேகம் என்றால் அந்த ஏற்பாடு தேவைதான்.

இரண்டு இடத்தில் பிடிப்பதால் என்ன லாபம்? மாங்காய் பறிக்கும் தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான கம்பை அடியில் ஒரே கையால் பிடித்தால் நுனி ஆடும், மணிக்கட்டு வலிக்கும். ஒரு கையை இரண்டடி தள்ளி மேலே வைத்துப் பிடித்தால் அதே கம்பு சொன்னபடி கேட்கும். ஃபோர்க்கும் அப்படித்தான். முன்சக்கரம் பாறையில் மோதும்போதும், முன் பிரேக்கை இறுக்கும்போதும் ஃபோர்க் பின்னோக்கி வளையப் பார்க்கும். ஒற்றைக் கிரவுனில் அந்த வளைவு முழுவதும் ஒரே மூட்டில் வந்து இறங்கும். இரட்டைக் கிரவுனில் அது மேலும் கீழும் பிரிந்து போகும்.

வளைவதால் உடையும் என்பது மட்டும் கவலை இல்லை. ஃபோர்க்கின் மேல்குழாய்கள் கீழ்க்கால்களுக்குள் வழுக்கிப் போவது உள்ளே இருக்கும் புஷ்களின் மேல்தான். குழாய் வளைந்தால் புஷ்ஷில் இறுகிக்கொள்ளும். இறுகினால் ஷாக் அமுங்காது. அதாவது செங்குத்தான சரிவில் பிரேக் பிடித்தபடி கல்லில் ஏறும் அந்தக் கணத்தில், ஷாக் எப்போது வேலை செய்ய வேண்டுமோ அப்போதே அது அடம் பிடிக்கும். இரட்டைக் கிரவுனின் நிஜமான பெருமை இதில்தான் இருக்கிறது.

ஐம்பது மில்லிமீட்டரிலிருந்து முந்நூறு வரை

மவுண்டன் பைக்குக்கு சஸ்பென்ஷன் ஃபோர்க்கைப் பரவலாக்கியது அமெரிக்காவின் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம். மோட்டார் சைக்கிள் அனுபவத்தோடு வந்த பால் டர்னரும் ஸ்டீவ் சைமன்ஸும் 1989-ல் கொண்டுவந்த ஆர்.எஸ்-1 ஃபோர்க்கின் டிராவல், அதாவது அமுங்கும் தூரம், சுமார் 50 மி.மீ. மட்டுமே. 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் யு.சி.ஐ. நடத்திய முதல் மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்டு டவுன்ஹில் பட்டத்தை வென்றது ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடுதான். அதன்பிறகு சஸ்பென்ஷன் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி மெல்ல அடங்கி, எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

டவுன்ஹில் பந்தயத்தில் டிராவல் கூடிக்கொண்டே போனது. ஃபோர்க் நீண்டது. ஆனால் அன்றைய குழாய்கள் ஒல்லி, ஸ்டியரரும் 1.125 அங்குலம்தான். நீளமான ஒல்லிக் குழாயை ஒரே இடத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்பது தொரட்டி பிடித்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே மோட்டார் சைக்கிளிடமிருந்து இரண்டாவது கிரவுனைக் கடன் வாங்கினார்கள். 1990-களின் பிற்பகுதியில் வந்த ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர் அந்த வரிசையில் புகழ்பெற்றது. அந்தப் பெயர் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

பிறகு வந்தது ஃப்ரீரைடு மோகம். கனடாவின் வான்கூவர் அருகே நார்த் ஷோர் காடுகளில் மரப்பாலம் கட்டி அதிலிருந்து குதித்தார்கள். விஸ்லர் பைக் பார்க் 1999-ல் திறந்தது. 2001-ல் யூட்டா பாலைவனத்தில் ரெட் புல் ரேம்பேஜ் தொடங்கியது. எல்லாமே பெரிதாக வேண்டும் என்ற காலம் அது. இத்தாலியின் மார்சோக்கி 2003-ல் விற்ற சூப்பர் மான்ஸ்டர் ஃபோர்க்கின் டிராவல் 300 மி.மீ., முழுதாக ஒரு அடி! ஒரு அடி அமுங்கும் முன்பக்கத்தோடு யார் எங்கே மலை ஏறப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை :-)

இன்று அந்த மோகம் தெளிந்துவிட்டது. டவுன்ஹில் ஃபோர்க்குகள் 200 மி.மீ.யில் நிலைத்துவிட்டன. 2005 மாடலாக வந்த ஃபாக்ஸ் 40-ன் டிராவல் 203 மி.மீ., இன்றும் அதுவேதான். பாக்ஸரும் 200-ல் நிற்கிறது. தேவைக்கு மேல் போனால் லாபம் இல்லை என்பதைச் சந்தையே சொல்லிவிட்டது.

ஒற்றைக் கிரவுன் எப்படி எட்டிப் பிடித்தது?

இரட்டைக் கிரவுன்தான் பலம் என்ற எண்ணத்தை உடைத்தது வேறொன்றுமில்லை, குழாயின் விட்டம். இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சுவரின் தடிமன் மாறாமல் குழாயின் விட்டத்தை மட்டும் கூட்டினால் எடை விட்டத்தின் விகிதத்தில் கூடும். ஆனால் வளையாத தன்மை ஏறக்குறைய விட்டத்தின் மூன்றடுக்கில் கூடும். 32 மி.மீ. குழாயை 38 மி.மீ. ஆக்கினால் எடை சுமார் 19 சதவீதம்தான் ஏறும். விறைப்போ 67 சதவீதம் ஏறும். இவ்வளவு மலிவான பேரம் பொறியியலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

2000-களின் முதல் பாதியில் 1.5 அங்குல ஸ்டியரர் வந்தது. மார்சோக்கி 66 போன்ற 170 மி.மீ. ஒற்றைக் கிரவுன்கள் வந்தன. ஃபாக்ஸ் 36 வந்தது. கொஞ்ச நாளில் ராக்‌ஷாக்ஸ் 40 மி.மீ. குழாயும் 180 மி.மீ. டிராவலும் கொண்ட டோட்டம் என்ற ஒற்றைக் கிரவுனை இறக்கியது. பிறகு அடியில் 1.5, மேலே 1.125 என்று கூம்பிய ஸ்டியரர் வழக்கத்துக்கு வந்தது. சுமை எங்கே அதிகமோ அங்கே பருமன், எங்கே குறைவோ அங்கே ஒல்லி. 2020-ல் ஃபாக்ஸ் 38-ம் ராக்‌ஷாக்ஸ் செப்-பும் ஒரே ஆண்டில் 38 மி.மீ. குழாய்களோடு வந்தன.

இதற்கு நடுவே டவுன்ஹில் அல்லாத பந்தயமும் மாறியது. 2013-ல் எண்டியூரோ வேர்ல்டு சீரிஸ் தொடங்கியது. 2023 முதல் அது யு.சி.ஐ. உலகக் கோப்பைக்குள் வந்துவிட்டது. இதில் மேலே ஏறுவது பெரும்பாலும் வீரரின் சொந்தக் காலால். இறங்குவதற்குத்தான் நேரக் கணக்கு. இறங்கும் பாதைகள் ஒன்றும் பூங்கா நடைபாதை இல்லை. ஆனாலும் அங்கே ஏறத்தாழ எல்லாரும் ஒற்றைக் கிரவுன்தான் போடுகிறார்கள். உலகின் மிக வேகமான ஓட்டுநர்கள் பாறையிலும் வேரிலும் நம்பி இறங்கும் பொருளை "பலமில்லாதது" என்று சொல்வது நியாயமில்லை.

இரண்டாவது கிரவுனின் விலை

பணத்தைச் சொல்லவில்லை. அது பிறகு. முதலில் மற்ற விலைகளைப் பார்க்கலாம்.

ஒன்று, எடை. இன்றைய ஃபாக்ஸ் 40, பாக்ஸர் எல்லாம் 2.8 கிலோ அளவில் இருக்கின்றன. 38 மி.மீ. ஒற்றைக் கிரவுன்கள் அவற்றைவிடச் சுமார் அரை கிலோ குறைவு. லிஃப்டில் ஏறி இறங்குபவருக்கு அரை கிலோ ஒன்றுமே இல்லை. மிதித்து ஏறுபவருக்கு ஒவ்வொரு ஏற்றத்திலும் அது கூடவே வரும்.

இரண்டு, திருப்பம். கால்கள் முன்குழாயின் இரு பக்கமும் நிற்பதால் ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பியதும் அவை ஃபிரேமில் போய் முட்டும். முட்டும் இடத்தில் ரப்பர் வைத்திருப்பார்கள். வேகமாக இறங்கும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்ப வேண்டிய தேவையே வராது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் மெதுவாக, நின்று நிதானித்துத் திரும்புகிறவருக்கு அது பெரிய தடை. காற்றில் ஹேண்டிலைச் சுழற்றி வித்தை காட்டுபவருக்கோ அது முடியவே முடியாது. ரேம்பேஜ் மாதிரியான இடத்தில்கூட வித்தைக்காரர்கள் சிலர் ஒற்றைக் கிரவுனோடு வருவது இதனால்தான்.

மூன்று, ஃபிரேம். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபோர்க் தாங்கிக்கொண்ட சுமை எங்கோ மறைந்து போவதில்லை, ஃபிரேமின் முன்பகுதிக்குப் போகிறது. இரட்டைக் கிரவுன் விறைப்பாக, உயரமாக இருப்பதால் அந்த இடத்தின் மேல் பாரம் கூடும். விழுந்தால் கால்கள் ஃபிரேமின் குழாயில் இடிக்கும். எனவேதான் பல ஃபிரேம் நிறுவனங்கள் இரட்டைக் கிரவுன் போடலாமா கூடாதா என்று தெளிவாக எழுதி வைக்கின்றன. கூடாது என்று சொன்ன ஃபிரேமில் போட்டால் வாரண்டி போய்விடும். வாரண்டி போவதைவிட மோசமானது, முன்குழாய் விரிசல் விடுவது.

நான்கு, விறைப்பே ஒரு விலை. கூடக்கூட நல்லது என்று சொல்ல முடியாத குணம் அது. கொஞ்சம்கூட வளையாத முன்பக்கம் கல்லுக்குக் கல் தெறிக்கும், கைகளைச் சீக்கிரம் சோர வைக்கும். எடை குறைந்த ஓட்டுநருக்கு இது இன்னும் அதிகம் தெரியும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், மிதித்து ஏறும் எவருக்கும் ஒற்றைக் கிரவுனே சரி என்ற முடிவு தானாக வருகிறது. உலகில் மவுண்டன் பைக் ஓட்டும் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான். அவர்களைப் பொறுத்தவரை விவாதம் இங்கேயே முடிந்துவிட்டது.

பேசப்படாத இன்னொரு கணக்கு

ஆனால் இரட்டைக் கிரவுனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. விறைப்பு, வேகம் என்று பேசுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். அது பழுது பார்க்கும் வசதி.

ஒற்றைக் கிரவுனில் ஸ்டியரரும் இரண்டு மேல்குழாய்களும் கிரவுனுக்குள் மிகுந்த அழுத்தத்தில் செருகப்பட்டிருக்கும். போல்ட் கிடையாது. மூன்று குழாய்களும் ஒரு கிரவுனும் சேர்ந்து ஒரே பொருள். நாள் போகப்போக அந்தச் செருகு மூட்டுகளில் நுண்ணிய அசைவு வந்து, பிரேக் பிடித்தால் கிரீச் கிரீச் என்று சத்தம் கேட்கும். எந்த நிறுவனத்தின் ஃபோர்க்குக்கும் வரக்கூடிய வியாதி இது. எண்ணெய் விட்டுத் தீராது. வழக்கமான தீர்வு அந்த மேல்பாகம் முழுவதையும் மாற்றுவதுதான். கல் உரசி ஒரு குழாயில் மட்டும் ஆழமான கீறல் விழுந்தாலும் அதே கதை. ஒரு பல் சொத்தை என்றால் தாடையையே மாற்றச் சொல்வது போல.

இரட்டைக் கிரவுனில் கால்களை இரண்டு கிரவுன்களும் போல்ட் போட்டுக் கவ்விப் பிடித்திருக்கும். ஒரு குழாய் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். கிரவுனைத் தனியாக வாங்கலாம். குழாய்களைக் கவ்விக்குள் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ முன்பக்க உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். கீழே விழுந்து ஹேண்டிலும் சக்கரமும் கோணிக்கொண்டால், போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி மறுபடி இறுக்கலாம். பைக் மெக்கானிக் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை ஒரு திருப்புத் திருப்பி நேராக்குவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அதே வித்தைதான். ஒரே ஒரு எச்சரிக்கை, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கொடுத்திருக்கும் அளவை மீறினால் குழாய் நசுங்கி ஷாக் இறுகிப்போகும்.

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு சொத்தை அதன் வாங்கிய விலையை வைத்து மட்டும் எடை போடக் கூடாது. எத்தனை வருஷம் உழைக்கும், இடையில் எவ்வளவு செலவு வைக்கும், கடைசியில் என்ன விலைக்குப் போகும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். விலைப்பட்டியலில் உயர்ரக இரட்டைக் கிரவுன் உயர்ரக ஒற்றைக் கிரவுனைவிட அதிகமாகத்தான் இருக்கும். இரண்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் பார்க்கில் வாரா வாரம் இடி வாங்கும் ஃபோர்க்குக்கு, பாகம் பாகமாக மாற்ற முடிவது என்பது வெறும் வசதி இல்லை, காசு. வாங்குகிற அன்று மலிவாகத் தெரிவது மூன்றாவது வருஷம் மலிவாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

இந்த இடத்தில் கேனண்டேல் நிறுவனத்தின் லெஃப்டி ஃபோர்க்கையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு காலோடு, இடது பக்கம் மட்டும் இருக்கும் விசித்திரம் அது. பார்ப்பவர்கள் "இன்னொரு கால் எங்கே?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். 2000-ஐ ஒட்டி அது வந்தபோது அந்த ஒற்றைக் காலை இரண்டு கிரவுன்கள்தான் பிடித்திருந்தன. குறுக்குநாட்டுப் பந்தயத்துக்கான, டிராவல் குறைந்த ஃபோர்க்குக்கு எதற்கு இரண்டு கிரவுன்? டிராவலுக்காக இல்லை. ஒரே கால் எல்லாச் சுமையையும் தாங்க வேண்டியிருந்ததால். 2018-ல் வந்த லெஃப்டி ஓச்சோவில் அதையும் ஒற்றைக் கிரவுனாக்கிவிட்டார்கள். வடிவம் சுமையைப் பொறுத்து வர வேண்டும், பழக்கத்தைப் பொறுத்து அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

எல்லைக்கோடு எங்கே?

சரி, கோட்டை எங்கே போடுவது? 170 மி.மீ. வரை ஒற்றைக் கிரவுன். அதற்கு மேல் தேவைப்படும் வேலை என்றால் தயங்காமல் இரட்டைக் கிரவுன். நடுவில் நிற்கும் 180, 190 மி.மீ. ஒற்றைக் கிரவுன்கள்தான் யோசிக்க வைக்கின்றன.

காரணம் இதுதான். ஒற்றைக் கிரவுனின் பலமான வாதங்கள் எவை? எடை குறைவு, நன்றாகத் திரும்பும், மிதித்து ஏறலாம். 190 மி.மீ. முன்பக்கம் போட்ட சைக்கிளின் மற்ற பாகங்கள் எப்படி இருக்கும்? கனமான ஃபிரேம், கனமான டயர், சாய்ந்து போன முன்குழாய். மொத்தம் பதினாறு பதினேழு கிலோ. அதை விரும்பி மிதித்து மலை ஏறுபவர் அபூர்வம். அந்தச் சைக்கிளில் அரை கிலோ மிச்சம் பிடித்து என்ன பயன்? ஏற்றத்தை ஏற்கெனவே விட்டுக்கொடுத்தாயிற்று. ஆனால் செருகு மூட்டின் பலவீனத்தை மட்டும் விடாமல் கூடவே வைத்துக்கொண்டிருக்கிறோம். வருமானம் போன பிறகும் கடைக்கு வாடகை கட்டுவது போன்ற நிலை அது.

இதற்கு மூன்று எதிர்வாதங்கள் வரும். மூன்றிலும் நியாயம் உண்டு. "என்னிடம் இருப்பது ஒரே சைக்கிள். வாரநாளில் மிதிப்பேன், விடுமுறையில் பார்க்குக்குப் போவேன்" என்பது முதலாவது. அப்படிப்பட்டவருக்கு 160, 170 மி.மீ. ஃபோர்க்கே இரண்டு வேலையையும் செய்துவிடும். எண்டியூரோ வீரர்கள் அதைத் தினமும் நிரூபிக்கிறார்கள். "காற்றில் ஹேண்டில் சுழற்ற வேண்டும்" என்பது இரண்டாவது. அவருக்கு வேறு வழியில்லை, ஒற்றைக் கிரவுன்தான், அதை மறுக்க முடியாது. "என் ஃபிரேம் இரட்டைக் கிரவுனை அனுமதிக்கவில்லை" என்பது மூன்றாவது. அப்படியென்றால் அந்த ஃபிரேமைச் செய்தவர்கள் அது எந்த வேலைக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஃபிரேம் எங்கே நிற்கிறதோ ஃபோர்க்கும் அங்கேயே நிற்பது நல்லது.

பந்தயக்களம் இந்தக் கோட்டை ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறது. 2007-லும் 2023-லும் டவுன்ஹில் உலக சாம்பியன்ஷிப் நடந்த ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம், பாறைக்கும் வேருக்கும் பேர்போன இத்தாலியின் வால் டி சோலே போன்ற பாதைகளில் வீரர்கள் மேலே போவது லிஃப்டில். கீழே வருவது இரட்டைக் கிரவுனில். ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்காக எதையும் மாற்றத் தயாராக இருப்பவர்கள் அவர்கள். அரை கிலோ குறைவதால் ஜெயிக்கலாம் என்றிருந்தால் என்றைக்கோ மாறியிருப்பார்கள். எடை கூடிய எலக்ட்ரிக் மவுண்டன் பைக்குகள் சிலவற்றில் இரட்டைக் கிரவுன் வந்ததும் இதே தர்க்கத்தில்தான். ஏற்றத்தை மோட்டார் பார்த்துக்கொள்கிறது, முன்பக்கத்துக்குச் சுமை கூடுகிறது.

போலிக் கிரவுன்கள்

இதுவரை பேசியது பந்தய வீரர்களுக்கும் பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கும். உண்மையில் உலகத்தில் இரட்டைக் கிரவுன் போல் தோன்றும் சைக்கிள்களைப் பெரும்பாலும் வாங்குபவர்கள் இவர்கள் இல்லை. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளிலும், நம்மூர் சைக்கிள் கடைகளிலும் மலிவு விலையில் நிற்கும் "மவுண்டன் பைக்"குகளை வாங்குபவர்கள்தான். பெரும்பாலும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள். பிள்ளை கண் வைப்பது அந்த இரண்டு மாடி முன்பக்கத்தில்தான். அப்பாவும் "பார்க்க ஸ்ட்ராங்கா இருக்கே" என்று வாங்கிக் கொடுத்துவிடுவார்.

அந்த ஃபோர்க்குகள் பலவற்றில் மேல் கிரவுன் வெறும் அலங்காரம். கால்கள் ஒல்லியான இரும்புக் குழாய்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதோடு சரி. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல் அடக்கிவைக்கும் டேம்பிங் என்ற ஏற்பாடே இருக்காது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் துள்ளி ஹேண்டிலைத் தட்டிவிடப் பார்க்கும். அமுங்குவதும் சில சென்டிமீட்டர்தான். எடையோ நிஜமான டவுன்ஹில் ஃபோர்க்குக்குப் பக்கத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குத் தார்ச்சாலையில் போகும் பிள்ளை அந்த வீண் இரும்பைத் தினமும் மிதித்துச் சுமக்கிறது.

அதோடு போனாலும் பரவாயில்லை. அந்தத் தோற்றம் ஒரு வாக்குறுதி கொடுக்கிறது. "என்னை எங்கிருந்து வேண்டுமானாலும் குதிக்க வை" என்கிறது. இப்படிப்பட்ட சைக்கிள்கள் சிலவற்றின் கையேட்டிலேயே கரடுமுரடான பாதைக்கு இது உகந்ததல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தில் மவுண்டன், சின்ன எழுத்தில் மலைக்குப் போகாதே! பதினைந்து வயதுப் பையன் சின்ன எழுத்தைப் படிக்கமாட்டான், படிக்கட்டில் குதித்துப் பார்ப்பான்.

ஆகவே குறைந்த பட்ஜெட்டில் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்த விலையில் இரட்டைக் கிரவுன் என்று எதைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். ஒற்றைக் கிரவுன் சஸ்பென்ஷனும் அவசியமில்லை. சஸ்பென்ஷனே இல்லாத விறைப்பான ஃபோர்க்கும், கொஞ்சம் அகலமான டயரும், நல்ல பிரேக்கும் இருந்தால் அதே காசுக்கு எடை குறைந்த, செலவு வைக்காத, நம்பிப் போகக்கூடிய சைக்கிள் கிடைக்கும். மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு ஹெல்மெட் வாங்கலாம்.

நிஜமான மலைக்கு நிஜமான சைக்கிள் வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்றுதான். மேலே எப்படிப் போகப் போகிறோம்? சொந்தக் காலால் என்றால் ஒற்றைக் கிரவுன். லிஃப்டிலோ ஜீப்பிலோ என்றால் இரட்டைக் கிரவுன். இறங்குவதைப் பற்றி எவ்வளவு பேசினாலும், எந்த ஃபோர்க் என்பதை முடிவு செய்வது ஏறும் விதம்தான்.